வெள்ளைப் பாவாடையும் வெண்கல அம்மணியும்

ழான்-ஒகுஸ்த் பார் என்ற பிரெஞ்சுச் சிற்பி மேசைமேல் வைக்கக்கூடிய சின்னச் சிலைகள் செய்வதில் பேர்போனவர். 1837இல் அவர் மரி தாலியோனியைச் செய்தார். அன்றைய பாரிஸ் கொண்டாடிய பாலே நடனமணி அவர். முதுகில் குட்டி இறக்கை, இடுப்பிலிருந்து மணிபோல விரியும் பாவாடை, தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு கால். அடுத்த வருடம், 1838இல், அதே கைகள் இன்னொரு நடனக்காரியைச் செய்தன. அவள் பெயர் அம்மணி. பிரெஞ்சுக்காரர்கள் எழுதியபடி சொன்னால் ‘அமானி’. கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து போன தேவதாசி. வயது 18.

இந்த இரண்டு சிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. பாலே பற்றி எழுதுகிறவர்கள் முதல் சிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். தேவதாசிகள் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரே சிற்பி, ஒரே நகரம், ஒரு வருட இடைவெளி. இரண்டும் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்க முடியுமா என்ன?

முதலில் பாவாடை. இன்று நாம் ‘டூட்டூ’ என்று சொல்கிற உடைக்கு அந்தக் காலத்தில் அந்தப் பெயரே கிடையாது. அச்சில் அந்தச் சொல் 1880களில்தான் வருகிறது. பிரெஞ்சுக் குழந்தைகள் பின்புறத்தைக் குறிக்கச் சொல்லும் ஒரு செல்லச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதாவது அவ்வளவு தெய்வீகமான உடைக்கு அவ்வளவு கொச்சையான பெயர். இடுப்பிலிருந்து தட்டுபோல நீட்டிக்கொண்டு நிற்கும் குட்டைப் பாவாடையும் அந்தப் பிற்காலத்தியதுதான். இத்தாலிய நடனமணிகள் காலின் சாகசத்தைக் காட்ட வேண்டி அதை வெட்டி வெட்டி மேலே ஏற்றினார்கள். ரொமாண்டிக் காலத்துப் பாவாடை நீளமானது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் வந்து நிற்கும். இறுக்கமான மேற்சட்டை, திறந்த தோள், கீழே அடுக்கடுக்காக மஸ்லின் அல்லது வலைத்துணி.

அது வரலாற்றில் நிலைபெற்ற நாள் 1832 மார்ச் 12. பாரிஸ் ஒபேராவில் ‘லா சில்ஃபீட்’ அரங்கேறியது. தாலியோனியின் அப்பா ஃபிலிப்போ நடனம் அமைத்தார். உடையை யூஜின் லாமி வடிவமைத்ததாகச் சொல்வது வழக்கம். ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன், கல்யாண நாளில் ஒரு காற்றுத் தேவதையின் பின்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் இழக்கிற கதை. இதற்கு முந்தைய வருடமே ‘ராபர்ட் எனும் பிசாசு’ என்ற ஒபேராவில் இறந்துபோன கன்னியாஸ்திரீகள் நிலவொளியில் கல்லறையிலிருந்து எழுந்து ஆடினார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்ததும் தாலியோனிதான். ஆக, வெள்ளைப் பாவாடை மேடைக்கு வந்தபோதே பேயோடுதான் வந்தது.

இதெல்லாம் கவிஞர்களின் கனவு என்றுதான் பாலே புத்தகங்கள் எழுதும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கனவுக்கு ஒரு தொழிற்சாலையும் வேண்டியிருந்தது. 1809இல் ஜான் ஹீத்கோட் என்ற இங்கிலாந்துக்காரர் வலைத்துணி பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை கையால் வாரக்கணக்கில் பின்னிய வலை, கெஜக்கணக்கில் மலிவாக வந்து விழுந்தது. 1822இல் பாரிஸ் ஒபேராவுக்கு எரிவாயு விளக்கு வந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். எரிவாயுவை ஏற்றி இறக்கி நிலவு செய்யலாம். அந்தச் செயற்கை நிலவில் பத்தடுக்கு வலைத்துணி புகைபோலத் தெரியும். உடம்பு இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தைத் துணியும் வெளிச்சமும் சேர்ந்து உண்டாக்கின. கால் நுனியில் நிற்பது அந்தச் சந்தேகத்துக்கு வைத்த கையெழுத்து.

மஸ்லினின் கதை இன்னும் கிட்டத்தில் சுடும். ஐரோப்பாவின் பணக்காரப் பெண்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உடுத்திய காற்றுபோன்ற வெள்ளைத் துணி வங்காளத்திலிருந்து, டாக்காவிலிருந்து போனது. 1830களுக்குள் லங்காஷயர் எந்திரங்கள் மஸ்லின் நெய்து அதை இந்தியாவுக்கே விற்றுக்கொண்டிருந்தன. டாக்கா நெசவாளிகள் தறியை விட்டு எழுந்துபோன அதே பத்தாண்டில்தான் பாரிஸில் மஸ்லின் பாவாடை எடையில்லாத ஆன்மாவின் சின்னமானது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனாலும் நடந்த வரிசை இதுதான்.

இனி அம்மணி.

ஐரோப்பாவுக்கு ‘பாயதேர்’ என்ற சொல் முன்பே தெரியும். போர்த்துகீசியர்கள் நடனக்காரிக்குச் சொன்ன ‘பைலதேய்ரா’ பிரெஞ்சில் அப்படித் திரிந்தது. கோதே 1797இலேயே ஒரு தாசியையும் ஒரு கடவுளையும் வைத்துக் கவிதை எழுதிவிட்டார். அதை எடுத்து 1830இல் பாரிஸ் ஒபேரா ‘கடவுளும் பாயதேரும்’ என்று மேடையேற்றியது. அதில் பாயதேராக ஆடியவர் வேறு யார், தாலியோனிதான். நிஜ தேவதாசி ஒருத்தி பாரிஸில் கால் வைப்பதற்கு எட்டு வருடம் முன்பே, தேவதாசி எப்படி இருப்பாள் என்று பாரிஸுக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளையாக இருப்பாள். மெல்லிய துணி உடுத்தியிருப்பாள். காதலுக்காக உயிரையும் விடுவாள்.

1838இல் தார்திவெல் என்ற பிரெஞ்சு வணிகர் புதுச்சேரியில் ஒப்பந்தம் போட்டு ஒரு குழுவைக் கப்பலேற்றினார். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். மூத்தவர் தில்லம்மாள், முப்பது வயது. பிறகு அம்மணி. ரங்கம், சௌந்தரம் என்று இரண்டு சிறுமிகள். கடைசியாக வேதம், வயது 6. (பெயர்களை பிரெஞ்சு எழுத்துக்கூட்டலிலிருந்து திரும்பத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. ‘சவுந்திரூன்’ என்று எழுதியிருந்தால் நாம் சௌந்தரம் என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான்.) ஆகஸ்டில் பாரிஸின் வரியெத்தே அரங்கில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி அரங்கு. அப்போது சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்குப் பதினோரு வயது. ஒரு தமிழ்ச் சமூகம் கிழக்கே தோணி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இந்த எட்டுப் பேர் மேற்கே போயிருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் தியோஃபில் கோத்தியே. கவிஞர், நாவலாசிரியர், ‘லா பிரெஸ்’ பத்திரிகையின் நடன விமர்சகர். மேடையில் ஆடுவதற்கு முன்பே அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய் ஆடச்சொல்லிப் பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரையை விமர்சனம் எழுதுகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி, இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, மனிதருக்குக் கண் இருந்தது. பெயர், வயது, நகை, தலைப்பின்னல், சட்டைக்கும் கீழுடைக்கும் நடுவே தெரியும் இடுப்பு, எந்தக் கால் எப்போது விழுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அவர் எழுதியிருக்காவிட்டால் அந்த ஆறு வயதுக் குழந்தையின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்குமா? இரண்டு, அந்தக் கண்ணே அவரைக் கவிழ்த்தது. அம்மணியின் தோலை ஃபிளாரன்ஸ் நகரத்து வெண்கலத்துக்கு ஒப்பிட்டார். அழகான உவமைதான். ஆனால் உவமை விழுந்த கணத்தில் அவள் சிலையாகிவிட்டாள். பார் வெண்கலம் வார்ப்பதற்கு முன்பே கோத்தியே வார்த்துவிட்டார். அவள் என்ன பாடினாள், அபிநயத்தில் என்ன சொன்னாள் என்பதற்கு அவரிடம் மொழியில்லை. மொழியில்லாத இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைக் கோத்தியேயின் குற்றமென்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நம் இணைய இதழ்களில் நடனத்தைப் பற்றி வருவதைப் பாருங்கள். ‘மயில் போல ஆடினார்’, ‘சிலை உயிர்பெற்று வந்ததுபோல’. அடவு என்ன, தாளம் என்ன, பதத்தின் நாயகி கோபத்தில் இருந்தாளா ஏக்கத்தில் இருந்தாளா என்று ஒரு வரி இருக்காது. மொழி தெரிந்தும் அதே வெண்கலம்தான்.

ஆடியவற்றில் ஒன்று புறா நடனம். பாரிஸ், லண்டன் இரண்டு ஊர்ப் பத்திரிகைகளையும் கட்டிப்போட்ட உருப்படி அது. சின்னப் பெண்கள் நீளமான வெள்ளை மஸ்லின் துணியோடு சுழல்வார்கள். சுழன்றுகொண்டே கைகளால் துணியை மடித்து, முறுக்கி, முடிந்து வருவார்கள். சுழற்சி நிற்கும்போது கையில் ஒரு பனைமரமும் அதில் உட்கார்ந்த புறாக்களும் இருக்கும். எல்லாம் அந்தத் துணியிலேயே.

நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அதே பாரிஸ், அதே காலம், அதே வெள்ளை மஸ்லின். ஒபேராவில் அது பெண்ணைச் சுற்றிக் கட்டப்பட்டு அவளை மறைக்கிறது. உடம்பைப் புகையாக்குகிறது. இங்கே அது பெண்ணின் கையில் இருக்கிறது. அவள் அதை வைத்து ஒன்றைச் செய்கிறாள். தையற்காரர் இல்லை, எரிவாயு நிலவு இல்லை. மூச்சிரைக்கிற ஒரு சிறுமி, விரல் நுனியில் கணக்கு, கண் முன்னால் ஒரு புறா. ரொமாண்டிக் பாலே தேடிய மாயம் இதுதான் என்றால், அதைத் துணியை மறைத்து அல்ல, துணியைக் காட்டியே செய்துவிட்டார்கள். கோத்தியேயும் இதைப் பார்த்தார், வியந்தார். ஆனால் அவர் மனதில் தங்கியது அம்மணியின் முகம். ஒரு விமர்சகராக அவர் தவறவிட்டது இந்தப் புறாவை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது வெள்ளைக்கு வருகிறேன். போன தடவை பெரியம்மா நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து கிளமெண்டியில் எங்கள் வீவக வீட்டில் ஒரு மாதம் இருந்தார். தேக்காவுக்கு மூன்று முறை போயாகிவிட்டது, சந்தோசா ஆகிவிட்டது. எஸ்பிளனேடில் ‘ஜிசேல்’ போட்டிருந்தார்கள், கூட்டிக்கொண்டு போனேன். முதல் பாதி அவருக்குப் பிடித்திருந்தது. ஊர், திருவிழா, ஏமாற்றுகிற பையன், பைத்தியமாகிச் சாகிற பெண். நம்ம படம்தானே. இரண்டாம் அங்கத்தில் திரை விலகியது. நீல வெளிச்சம், கல்லறை, வரிசை வரிசையாக வெள்ளைப் பாவாடையில் பெண்கள்.

“என்னடி இது, எல்லாம் தாலியறுத்தவளுங்களா நிக்கிறாளுங்க?”

“தாலியே கட்டாதவங்க பெரிம்மா. கல்யாணத்துக்கு முந்தியே செத்துப்போன பொண்ணுங்க. ராத்திரியில வர்ற ஆம்பளைங்கள ஆட வச்சே கொல்லுவாங்க.”

“அப்ப மோகினின்னு சொல்லு.”

அதற்குப் பிறகு அவர் கண்ணெடுக்கவில்லை. ஐரோப்பிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாகத் தூய்மை, ஆன்மா, கன்னிமை என்று படித்த அந்த வெள்ளையில், தென்னாற்காட்டுக் கிழவி ஒருத்தி நேராக விதவையையும் மோகினியையும் பார்த்தாள். ‘ஜிசேல்’ பற்றி நான் படித்த எந்தக் குறிப்பையும்விட இது கதைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. வெள்ளைப் பாவாடைக்குள் இருப்பது ஆசை தீராமல் செத்தவள், கோபத்தோடு இருப்பவள். அதை அவ்வளவு அழகாக உடுத்திவிட்டதால் கோபம் தெரியாமல் போய்விட்டது. திருவந்திபுரத்து அம்மணி எந்த மரபிலிருந்து வந்தாள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவதாசி தெய்வத்துக்குப் பொட்டுக் கட்டிக்கொண்டவள். நித்திய சுமங்கலி. அவளுக்கு வெள்ளையே கிடையாது. கல்யாண வீட்டில் தாலிக்கு மணி கோக்கக் கூப்பிடப்படுகிறவள். பாரிஸின் மேடை இலட்சியத்துக்கு இதைவிட நேரெதிரான ஒரு பெண்ணைக் கற்பனை செய்யவும் முடியாது.

இன்னொரு விஷயம், பாவாடை எரிந்தது. உருவகமாகச் சொல்லவில்லை. மஸ்லினும் வலைத்துணியும் அடுக்குகளுக்கு நடுவே காற்றை வைத்திருக்கும். மேடை ஓரத்தில் மூடாத எரிவாயுச் சுடர். 1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனமணியின் உடையில் தீப்பிடித்தது. ஆடிக்கொண்டிருந்தது ‘அந்தப்புரக் கலகம்’ என்ற கீழைத்தேயக் கதை. மூன்று நாளில் இறந்தார். 1862 நவம்பரில் பாரிஸ் ஒபேரா ஒத்திகையில் எம்மா லிவ்ரி. தாலியோனியே தன் வாரிசாகப் பார்த்துப் பயிற்சி கொடுத்த பெண். எட்டு மாதம் காயத்தோடு கிடந்து 1863 ஜூலையில் போய்ச்சேர்ந்தார், இருபது வயதில். இதில் மனதை அறுப்பது என்னவென்றால், தீப்பிடிக்காத மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. அரசாங்கம் அதைக் கட்டாயமும் ஆக்கியிருந்தது. லிவ்ரி மறுத்துவிட்டார். மருந்துத் துணி விறைத்துப்போகும், அழுக்கு நிறமாகத் தெரியும், மிதக்காது. முதல் காட்சிகளில் எப்போதும் போட்டுக்கொள்ளும் பாவாடையில்தான் ஆடுவேன் என்று எழுதிக்கொடுத்தார். எஞ்சிய கருகின துண்டுகள் பாரிஸ் ஒபேராவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எடையில்லாமல் தெரிவது அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. இருபது வயதில் அதை ஒரு பெண் தானே விரும்பிக் கேட்குமளவுக்கு அந்த அழகியல் அவளுக்குள் இறங்கியிருந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது.

அம்மணியின் முடிவைப் பற்றியும் கோத்தியேதான் எழுதுகிறார், பல வருடம் கழித்து. லண்டன் பனிமூட்டத்தில், ஊர் ஏக்கத்தில், தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று. இதற்கு அவர் வார்த்தையைத் தாண்டி ஆதாரம் எதையும் அவர் வைக்கவில்லை. எனக்கு இந்தச் சாவின் மேல் நம்பிக்கை வர மறுக்கிறது. அது ரொம்ப ‘பாலே’யாக இருக்கிறது. பாயதேர் சாக வேண்டும், செத்தால்தான் கதை முடியும். 1877இல் பீட்டர்ஸ்பர்கில் மாரியஸ் பெட்டிபா ‘லா பாயதேர்’ செய்தபோதும் அப்படியே. கோவில் நடனக்காரி நிக்கியா பாம்பு கடித்துச் சாகிறாள். அடுத்து வருவதுதான் பாலே உலகமே கும்பிடும் ‘நிழல்களின் ராஜ்ஜியம்’. சரிவிலிருந்து ஒருத்தி பின் ஒருத்தியாக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கி வரும் வெள்ளைப் பெண்கள். பார்த்தால் சொக்கிப்போவீர்கள், நானும் சொக்கினேன். உயிரோடு இருந்தவரை நிக்கியாவுக்கு நிறம் உண்டு, நகை உண்டு. வெள்ளைப் பாவாடைக்குள் போக அவள் செத்தே ஆக வேண்டியிருந்தது.

பழியை ஐரோப்பாவின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பிவிடலாம். ஆனால் நம் பக்கத்திலும் ஒரு பாவாடை இருக்கிறது. 1920களின் கடைசியில் ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் மண்ணின் கலையைப் பார் என்று பாவ்லோவா சொன்ன பிறகு சதிராட்டத்துக்கு வந்தார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935இல் அடையாறில் மேடையேறினார். தாசிகள் பைஜாமாவுக்கு மேல் புடவையைச் சுற்றிச் செருகி உடுத்திய முறையை மாற்றி, தைத்த உடை கொண்டுவந்தார். முன்னால் விசிறிபோல விரியும் மடிப்பு. அதைத் தைக்க உதவியவர் ஓர் இத்தாலியத் தையல்காரர். அரைமண்டியில் உட்காரும்போது அந்த விசிறி திறக்குமே, அதில் ரொமாண்டிக் மேடையின் கண் கொஞ்சம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. தூரத்திலிருந்து, வெளிச்சத்தில், ஒரு வடிவமாகப் பார்க்கிற கண். பாலசரஸ்வதி கடைசிவரை புடவையில்தான் ஆடினார். அங்கே துணி நடனக்காரியோடு கசங்கும், வியர்க்கும், பதத்துக்குப் பதம் கொஞ்சம் இடம் மாறும்.

தைத்த உடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் சிங்கப்பூரில் இத்தனை பிள்ளைகள் ஆடியிருக்க முடியாது. 1952இல் பாஸ்கர் தொடங்கியது, 1977இல் கலாக்ஷேத்ராவிலிருந்து வந்த நீலா சத்தியலிங்கம் அப்சராஸ் தொடங்கியது, எல்லாம் அந்தத் தையலின் மேல் நின்றுதான் வளர்ந்தன. எங்கள் பேட்டையில் சனிக்கிழமை காலையில் இளஞ்சிவப்பு வலைப்பாவாடைக் குட்டிகளும் பருத்திப் பயிற்சிப் புடவைக் குட்டிகளும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள். சீனக் குழந்தை ஒன்று புடவையிலும் தமிழ்க் குழந்தை ஒன்று வலையிலும் இருப்பதுண்டு. இது எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் இரண்டு வகுப்பிலும் உடை எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. ஒன்று தேவதைக் கதை, இன்னொன்று ஐயாயிரம் வருடப் பாரம்பரியம். இரண்டுமே சுத்தப் புளுகு.

கடைசியாக ஒன்று. ‘ஜிசேல்’ கதையை எழுதியது யார் தெரியுமா? கோத்தியேதான், சேன்-ஜோர்ஜ் என்பவரோடு சேர்ந்து. 1841 ஜூன் 28 அரங்கேற்றம், அம்மணியைப் பார்த்து மூன்றே வருடத்தில். அச்சான கதைச்சுருக்கத்தில் இரண்டாம் அங்கத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள். செத்த பெண்கள் பல நாடுகளிலிருந்து அந்தக் காட்டுக்கு வருகிறார்கள். ஜெர்மன்காரிகள், பிரெஞ்சுக்காரிகள், ஒரு துருக்கிய அந்தப்புரப் பெண். அவர்களோடு இந்திய பாவனைகளோடு ஆடிக்கொண்டு ஒரு பாயதேர். கோத்தியே தன் பேய்க் கூட்டத்தில் நம்மூர்க்காரிக்கும் ஓர் இடம் போட்டுவைத்திருந்தார். பிறகு வந்த தயாரிப்புகள் அந்த வித்தியாசங்களையெல்லாம் துடைத்துவிட்டு எல்லாரையும் ஒரே வெள்ளைக்குள் போட்டுவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த முறை போகிறவர்கள் நிகழ்ச்சிநிரலில் பாருங்கள். பேய்களின் ராணி மிர்தாவுக்கு அடுத்து இரண்டு பெயர் இருக்கும், மோய்னா, சுல்மே. தனியாக ஆட ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், மற்றவர்களைப் போலவே வெள்ளையில். அதில் சுல்மேதான் அந்தப் பாயதேர்.